முப்பதுக்கு முப்பது

நீராவி அக்காவின் கோபத்துக்கு அப்போது ஒன்றரை வயது. பல் முளைத்து, நடக்கப் பழகி, கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து வீசுகிற பருவம். சலவைக்கூடத்தில் அவளோடு வேலை பார்த்த எட்டுப் பேருக்கும் அது நன்றாகப் பழக்கம். அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அவர்கள்தான். பாய்லரின் வால்வைத் திறந்தால் நீராவி எந்தப் பக்கம் பாயும் என்று சொல்லிவிடலாம், அக்கா வாயைத் திறந்தால் சொல்ல முடியாது என்பார்கள். அதையும் அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுதான் சொல்வார்கள்.

மூன்று ஹோட்டல்கள், ஒரு ஆஸ்பத்திரி. இந்த நான்கு இடத்துப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் அந்த நீளமான தகரக் கூரைக்குக் கீழேதான் வந்து சேரும். ஒரு கோடியில் துவைக்கும் டிரம்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டவர் அக்காவின் கணவர், எல்லோருக்கும் மாஸ்டர். மறுகோடியில் ரோலர். கட்டிலைவிட அகலமான இரும்பு உருளை. உள்ளே நீராவி ஓடும். ஈர விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பேர் விறைப்பாகப் பிடித்து ஊட்டினால், அந்தப் பக்கம் சுடச்சுட, ஒரு சுருக்கமில்லாமல் வந்து விழும். ஒரு முனை அக்கா. மறுமுனை அவள் மகள், இருபத்தொரு வயது. கூடத்தில் அவளுக்குப் பெயர் ‘கணக்கு’. கல்லூரியில் கணிதம் படித்தவள் என்பதால் வந்த பெயர். படிப்பு பாதியில் நின்றது, பெயர் நிற்கவில்லை.

அன்று மூன்றாவது நாளாக மழை. கூரைமேல் அது போட்ட சத்தத்தில் ஆளுக்கு ஆள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. வெளியே குளிர், உள்ளே வேர்வை. தபால்காரர் வாசலில் நின்று ஒரு கனத்த உறையை நீட்டினார். அக்கா கையில் ஈரத்துணி இருந்தது. மாஸ்டர் வாங்கி, வலது கையில் மிச்சமிருந்த மூன்று விரலால் பிரித்தார்.

“கல்லூரியிலேர்ந்துடி” என்றார்.

“எந்தக் கல்லூரி?”

“இவ படிச்ச கல்லூரிதான்.”

அக்கா விரிப்பை விட்டுவிட்டாள். அது ரோலரில் கோணலாக ஏறிச் சுருண்டது. மகள் ஓடிப்போய் விசையை நிறுத்தினாள்.

மாஸ்டர் உரக்கப் படித்தார். கணிதம், கணினி படிக்க வருகிற பிள்ளைகளுக்காக ஏற்படுத்தப்பட்ட ஊக்கத்தொகைத் திட்டத்தில் இந்தத் தொகுதியில் சேர்ந்த முப்பது பேரில் ஒருவர்கூட விலகாமல் இப்போது நான்காம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறார்களாம். தங்கள் மகளும் அவர்களுள் ஒருவர் என்பதில் கல்லூரி பெருமை கொள்கிறதாம். வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விழா. திட்டத்துக்குப் பணம் தருகிற அறக்கட்டளையின் தலைவி நேரில் வருகிறார். பெற்றோர் அவசியம் வருகை தர வேண்டும். கீழே ஒருங்கிணைப்பாளரின் கையெழுத்து.

“பெருமை கொள்கிறதாமே” என்றார் மாஸ்டர். “கொள்ளட்டும், கொள்ளட்டும். வேற எதைக் கொள்ளப் போகுது.”

அக்கா சிரிக்கவில்லை. அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், மகள் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, சிக்கிய விரிப்பை எடுக்கப் போன மாஸ்டரின் கை ரோலருக்குள் போனது. இரண்டு விரல் போய், ஆறு வாரம் படுக்கை. டிரம் பக்கம் நிற்க ஆள் இல்லையென்றால் கூடத்தின் குத்தகை கைமாறிவிடும். மகள் வந்து நின்றாள். ஆறு வாரம் கழித்துக் கல்லூரிக்குத் திரும்பிப் போனபோது வருகைப்பதிவு குறைவு என்று வகுப்புக்குள்ளேயே விடவில்லை. ஊக்கத்தொகையை நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள். அக்கா வேலையைப் போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு ஒருங்கிணைப்பாளரைப் பார்க்கப் போனாள்.

அவரைப் பிள்ளைகள் ‘சதவீதம்’ என்பார்கள். கணினித் துறை ஆசிரியர். எதைச் சொன்னாலும் நூற்றுக்கு எத்தனை என்றுதான் சொல்வார். வகுப்பில் கொட்டாவி விடுகிறவர்களைக்கூட அப்படித்தான் எண்ணுவார் என்று கேள்வி. காலை ஒன்பது மணிக்குப் போனவளை மூன்று மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“வருகை அறுபத்தொரு சதவீதம். எழுபத்தஞ்சு வேணும். நான் என்னம்மா பண்ண முடியும்?”

“அவங்கப்பா கை மெஷின்ல மாட்டிக்கிச்சு சார். வேற ஆள் இல்ல. மார்க்கெல்லாம் பாருங்க சார், வகுப்புலயே முதல் மூணு பேர்ல ஒருத்தி.”

“கணக்குல சேர்றவங்க பாதியில ஓடிடறாங்க, அவங்களத் தக்கவைக்கணும்னுதான் இந்தப் பணத்தையே குடுக்கிறாங்க. தங்காதவங்களுக்கு இது இல்ல. உங்கள மாதிரி வீட்டுல இதான் வழக்கம். இன்னைக்கு அப்பா கை, நாளைக்கு அம்மா கால்.”

“தங்கறேன்னுதானே சார் சொல்றா.”

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். எழுந்து பீரோவைப் பூட்டிக்கொண்டே, முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்னார்.

“துணி எண்ண எவ்வளவும்மா கணக்கு வேணும்? அந்த அளவுக்கு இவளுக்கு ஏற்கெனவே வரும்.”

அறையிலிருந்த இரண்டு எழுத்தர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவர் பெண். அக்காவுக்கு அந்தப் பெண்ணின் சிரிப்புத்தான் இன்னும் காதில் நிற்கிறது. தானாக விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டால் முதல் வருஷப் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டோம் என்றார்கள். மகள் நின்றபடியே எழுதிக் கொடுத்தாள். அவர் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தி, நகல் ஒன்றும் கொடுத்தார். ஒழுங்கான மனிதர்.

அன்று வீடு திரும்பும் வழியில் மகள் அழுதாள். அக்கா அழவில்லை. என்றைக்காவது ஒரு நாள் இந்த ஆளை நிற்க வைக்கணும் என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் அதை நினைக்காத நாளே இல்லை. எத்தனையோ ஆயிரம் விரிப்பை ரோலருக்குள் விட்டாள். ஒவ்வொன்றிலும் அவர் முகத்தைத்தான் விட்டாள்.

மகள் அன்று மதியமே கூடப் படித்த தோழிக்குப் போன் போட்டாள். தோழி கல்லூரி அலுவலகத்தில் பகுதி நேரம் தட்டச்சு பார்க்கிறவள். பட்டியலைத் திறந்து பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மகள் போனை வைத்துவிட்டு வந்தாள். துணி மடிக்கிற மேஜையைச் சுற்றி மூன்று பேரும் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

“என் பேருக்கு நேரா ‘மருத்துவ விடுப்பு, தொடர்கிறார்’னு போட்டிருக்காம். பரீட்சையெல்லாம் ஒத்திவைப்பாம். ஃபீஸ் அறக்கட்டளையிலேர்ந்து ஒவ்வொரு தடவையும் கல்லூரிக்கு வந்துக்கிட்டேதான் இருக்காம்.”

“நீ எழுதிக் குடுத்த லெட்டர்?”

“அதைப் பட்டியல்ல ஏத்தவே இல்ல. நான் படிப்ப விட்டு வந்து ரெண்டு மாசத்துல அறக்கட்டளைலேர்ந்து ஒரு அறிவிப்பு வந்ததாம். எந்தக் கல்லூரியில இந்த செட்டுல ஒருத்தர்கூட விலகலையோ, அங்க புதுசாக் கம்ப்யூட்டர் கட்டடம் கட்டித் தர்றோம்னு. அதுக்குள்ள சார் என்னை அனுப்பிட்டாரு. உடனே லெட்டரை டிராயர்ல போட்டுட்டாரு.”

“அப்ப இந்த அழைப்பை எதுக்கு நமக்கு அனுப்பினான், மண்டையில மசாலா இல்லாதவன்?” என்றார் மாஸ்டர்.

“அவர் அனுப்பலப்பா. கம்ப்யூட்டர் அனுப்பிச்சு. பட்டியல்ல யார் பேர் இருக்கோ அத்தனை பேர் வீட்டுக்கும் போட்டுரும். யாரு நிஜமா இருக்கா, யாரு இல்லைன்னு அதுக்கு என்ன தெரியும்? அந்த புரோகிராம எழுதினதே சார்தான்.”

மாஸ்டருக்குப் புரையேறிவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அக்கா மட்டும் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

“இரட்டை மடிப்பு” என்றாள்.

சலவைத் தொழிலில் அது ஒரு வித்தை. கட்டுக்கு இருபத்தைந்து விரிப்பு. வாங்கிக்கொள்கிற ஹோட்டல்காரர் கட்டைப் பிரித்து எண்ணுவதில்லை. ஓரத்து மடிப்புகளைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்ணுவார். ஒரு விரிப்பு கிழிந்தோ தொலைந்தோ போய்விட்டால், நடுவில் ஒன்றை வேறு மாதிரி மடித்து வைப்பார்கள். ஒரே துணி ஓரத்தில் இரண்டு மடிப்பாகத் தெரியும். எண்ணினால் இருபத்தைந்து, பிரித்தால் இருபத்து நான்கு. அக்காவே நெருக்கடிக்கு நாலைந்து தடவை செய்திருக்கிறாள். மறுநாள் விடிந்ததும் புது விரிப்பைக் கொண்டுபோய், அறைக்காரப் பையனிடம் சிரித்துப் பேசி, கட்டுக்குள் சொருகிவிட்டு வருவாள். பெருமையடித்துக்கொள்கிற காரியமில்லை. தொழிலில் இல்லாததும் இல்லை.

“என் பொண்ண எடுத்துட்டு, அவ இருந்த எடத்துல மடிப்பு போட்டு வச்சிருக்கான். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தா இவ ஓடிப் போயிருப்பா. அவன் நம்பரும் நெஜமா இருந்திருக்கும். அது முடியலை அவனுக்கு. சலவைக்காரி வீட்டு வாசல்ல வந்து நிக்கறதுக்குப் பொய் சொல்றது மேல்னு நினைச்சிருக்கான்.”

“அம்மா, சாப்பிடு.”

“வெள்ளிக்கிழமை நான் போறேன். அந்த மேடம் முன்னாடி, மைக்கைப் புடுங்கி, நகலைக் காட்டி, கட்டைப் பிரிச்சு உதறிடறேன். அவன் வேலை போகட்டும். கட்டடம் போகட்டும். சந்தி சிரிக்கட்டும்.”

“சிரிக்கும். அப்புறம்?” என்றாள் மகள்.

“அப்புறம் என்ன அப்புறம்?”

“பட்டியலைத் திருத்துவாங்க. என் பேரை அடிப்பாங்க. அவர் போவாரு, நானும் போயிடுவேன்.” மகள் ரொட்டியைப் பிய்த்தாள், வாயில் போடவில்லை. “நீதானேம்மா சொல்லுவ, கட்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடி நெஜ விரிப்பை உள்ள தள்ளிட்டா அது பொய்யே இல்லன்னு. அந்த விரிப்பு நான்தான். இப்ப நான் போய் உக்காந்துட்டா, நீ யாருன்னு யாரு கேக்க முடியும்? நான் படிச்சுக்கிட்டுதானே இருக்கேன்? அவரே கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்காரே?”

“அவன்கிட்டயே போய் மறுபடி உக்காருவியா? வெக்கமா இல்ல?”

“கணக்குகிட்ட போய் உக்காருவேன்.”

“அவன் தப்பிச்சுடுவான்!”

“தப்பிச்சா தப்பிக்கட்டும். நான் படிக்கணும்மா.”

மாஸ்டர் வாயைத் துடைத்துக்கொண்டார். “உங்கம்மாவுக்கு மூக்கு அறுந்தாலும் பரவாயில்ல, எதிரிக்குச் சகுனத்தடை ஆகணும். அதுலயும் அறுபடறது உன் மூக்கு.”

“நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு ரோஷம் இருந்த விரல் ரெண்டும் அன்னைக்கே போயிடுச்சு.”

கூடத்தில் எல்லோரும் கேட்டும் கேட்காதது போல வேலையைப் பார்த்தார்கள். மகள் கடைசியாக ஒன்று கேட்டாள்: “வெள்ளிக்கிழமை நீ வாயைத் திறக்க மாட்டேன்னு எனக்குச் சொல்லு.”

“சொல்ல மாட்டேன்” என்றாள் அக்கா. அதுதான் உண்மை. ஒன்றரை வருஷம் ஊட்டி வளர்த்த கோபம். இப்போது அதை மடித்து வை என்றால் எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பையில் நகலை எடுத்து வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமையும் மழை. கல்லூரி அரங்கின் வாசலில் குடைகள் குவிந்து கிடந்தன. அக்காவும் மகளும் பெற்றோர் வரிசையில் நடுவாக உட்கார்ந்தார்கள். திட்டத்தில் படிக்கிற அந்தத் தொகுதிப் பிள்ளைகளுக்கு, முன்னால் தனி வரிசை. மேடையில் அறக்கட்டளைத் தலைவி: வயதானவர், தடித்த கண்ணாடி, கால் நீட்டி உட்கார வசதியில்லாத நாற்காலியில் அவஸ்தைப்பட்டுக்கொண்டிருந்தார். சதவீதம் சார் புதுச் சட்டையில் இருந்தார். அவருக்குப் பின்னால் திரையில் பெரிய எழுத்தில்: சேர்ந்தவர் முப்பது, தொடர்பவர் முப்பது, நூறு சதவீதம்.

பேசிக்கொண்டே வந்தவர் பார்வையைப் பெற்றோர் பக்கம் திருப்பினார். அக்காவைப் பார்த்தார். முதலில் யாரென்று தெரியவில்லை. பக்கத்தில் மகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் நடுவிலேயே நின்றது. தண்ணீர் குடித்தார். அக்காவுக்கு அந்தத் தண்ணீர் தன் தொண்டையிலேயே இறங்கியது போலக் குளிர்ந்தது.

அவர் முடித்ததும் தலைவி மைக்கை வாங்கினார்.

“நம்பர் நல்லா இருக்கு. ஆனா நான் நம்பரைப் பாக்க இவ்வளவு தூரம் வரல. பொண்ணுங்க கணக்கு வேணாம்னு ஓடறாங்க, வசதியில்லாத பசங்க கம்ப்யூட்டர் வேணாம்னு ஓடறாங்கன்னுதான் இதை ஆரம்பிச்சோம். ஓடாத முப்பது பேரோட மூஞ்சியப் பாக்கணும். எல்லாரும் எழுந்து நில்லுங்க கண்ணுங்களா.”

முன் வரிசை எழுந்தது. தலைவி விரலை நீட்டி, பொறுமையாக, ஒவ்வொருவராக எண்ணினார். ஒரு முறை எண்ணி, சந்தேகப்பட்டு மறுபடியும் எண்ணினார்.

“இருபத்தொம்போது இருக்கே?”

“அது... ஒருத்தருக்கு உடம்பு...” என்றார் சதவீதம் சார். அவர் குரல் அவருக்கே பிடிக்காத உயரத்தில் கேட்டது.

அக்கா எழுந்துவிட்டாள். பை திறந்திருந்தது, நகல் கையில் இருந்தது. அரங்கில் ஒவ்வொரு தலையாக அவள் பக்கம் திரும்பியது. என்ன சொல்ல வேண்டுமென்று அவளுக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். ஒன்றரை வருஷம் ஒத்திகை பார்த்திருக்கிறாள். மேடையில் அவர் அவளையே பார்த்தார். கெஞ்சுகிற கண். ஒரு மனிதன் அப்படிப் பார்ப்பதைப் பார்க்க எவ்வளவு இனிப்பாக இருக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள்.

பிறகு மகளைக் குனிந்து பார்த்தாள். அம்மா எழுந்தது, கையிலிருக்கும் காகிதம், மேடையில் ஆள் வெளிறிப் போனது எதுவும் அவள் கண்ணில் இல்லை. முன்னால் நிற்கிற அந்த இருபத்தொன்பது முதுகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்தவள் பந்தியைப் பார்க்கிற பார்வை. பெற்ற வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அது அந்த இடத்தில் அக்காவின் காலை வாரிவிட்டது.

“என் பொண்ணு இங்க இருக்கா மேடம்” என்றாள். “உடம்பு சரியில்லாம இருந்து இப்பதான் வர்றா. என் பக்கத்துல உக்காந்துட்டா, அதான் உங்களுக்குத் தெரியல. எழுந்திருடி.”

மகள் எழுந்தாள்.

“முப்பது” என்றார் தலைவி. எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது சதவீதம் சார். அக்கா உட்கார்ந்தாள். சொல்லாமல் விழுங்கிய வார்த்தை நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. இவ்வளவு நாள் காத்திருந்தது இதற்கா என்று அவளுக்கே அவள் மேல் ஆத்திரம் வந்தது.

விழா முடிந்ததும் அவர் தாழ்வாரத்தில் அவளைத் தேடிப் பிடித்தார். கையைக் கூப்பினார்.

“ரொம்ப நன்றிம்மா. உங்க பெருந்தன்மைய நான்...”

“அதெல்லாம் எங்ககிட்ட இல்ல சார்.” அவள் நகலை விரித்து, முத்திரை அவர் பக்கம் தெரியும்படி பிடித்தாள். “இது யாரு கையெழுத்து?”

அவர் எட்டிப் பிடிக்கப் பார்த்தார், அவள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“திங்கக்கிழமை இவ வகுப்புக்கு வருவா. விட்டுப்போன மூணு அரையாண்டுப் பாடத்தையும் சேத்து எழுதுவா. யாரு சொல்லிக் குடுப்பா?”

“நான் வேற ஆசிரியர்கிட்ட சொல்லி ஏற்பாடு...”

“நீங்க. நீங்கதான் வந்து சொல்லித் தரணும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். ஞாயித்துக்கிழமை அவளுக்கு எங்க கூடத்துல அரைநாள் வேலை இருக்கு, அதை விட முடியாது. அதனால நீங்கதான் அங்க வரணும்.”

“சலவைக்கூடத்துலயா? அங்க எப்படிம்மா, சத்தம், சூடு... உக்கார இடம்...”

“துணி மடிக்கிற மேஜை இருக்கு. மேடம் இன்னும் கார் ஏறல சார், யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் யோசிக்கவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவர் வந்தபோது, விடுமுறையில் இருக்க வேண்டிய ஆட்கள்கூட ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு கூடத்துக்கு வந்திருந்தார்கள். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும். அதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? கையில் இரண்டு தடித்த புத்தகத்தோடு வாசலில் நின்றவரை அக்கா ஏறிட்டும் பார்க்கவில்லை. “கை வேலையா இருக்கு, நில்லுங்க” என்றாள். ஆஸ்பத்திரி விரிப்பு நூற்றிருபது ரோலரில் ஏறி இறங்கும்வரை நின்றார். கண்ணாடியில் ஆவி படியப் படியத் துடைத்துக்கொண்டே நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மேஜையில் இடம் கிடைத்த பிறகும், “சார், அந்த மூட்டையைக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டு உக்காருங்க” என்றாள். தூக்கித் தள்ளி வைத்தார். அது ஆஸ்பத்திரி அழுக்கு மூட்டை என்பதை அவள் சொல்லவில்லை.

அன்று அக்கா நிம்மதியாகச் சாப்பிட்டாள். இரண்டாவது ஞாயிறும் நன்றாகத்தான் போனது. சிக்கல் மூன்றாவது ஞாயிற்றில் ஆரம்பித்தது.

அந்த ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்திருந்தது. அவர் அப்படிச் சொல்லிக்கொடுப்பார் என்று அக்கா எதிர்பார்க்கவே இல்லை. மகள் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றாள். அவர் ஒரு தலையணை உறையை எடுத்து, உள்பக்கம் வெளியே திருப்பி, அதன் ஓரத்தை விரலால் தடவிக் காட்டி ஏதோ சொன்னார். மகள் “ஆ!” என்று கத்தினாள். பிறகு அவள் ஒன்று கேட்டாள், அவர் விழித்தார், இரண்டு பேரும் குனிந்து காகிதத்தில் மாற்றி மாற்றிக் கிறுக்கினார்கள். வேர்வை அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது, அவர் துடைக்கவில்லை. வெட்கப்பட வந்தவர் அதையே மறந்துபோய் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு முடித்துக்கொள்ள வேண்டியவர் ஒன்றரைக்கு எழுந்தார். போகும்போது மாஸ்டரிடம், “மூளைன்னா இது மூளைங்க. நூறு சதவீதம்” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

தண்டனை என்று நினைத்து வைத்தது அவருக்கு விருந்தாகிப் போய்விட்டது. அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவன் சந்தோஷப்படவா இவ்வளவும் செய்தேன்? எழுந்து நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லியிருந்தால் இன்று இவன் எங்கே இருந்திருப்பான் என்று நினைக்க நினைக்க அவளுக்குக் கை வேலையில் ஓடவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் மகள் அவரிடம் சிரித்துப் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எரிச்சல் மகள் பக்கமும் திரும்பியது.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில், ஒரு ஞாயிறு மதியம், அவர் போன பிறகு, ரோலரில் விரிப்பை ஊட்டிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

“உனக்கு அந்த ஆள் மேல கோபமே இல்லையாடி? எப்படிச் சிரிக்க முடியுது உன்னால? நான் உன் வயசுல இருந்திருந்தா அந்தப் புத்தகத்தாலயே சாத்தியிருப்பேன்.”

மகள் முனையை நேராக்கினாள். “இழுத்துப் பிடிம்மா, சுருக்கம் விழுது.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“அறக்கட்டளைல வேலைக்கு எழுதிப் போட்டேன். பட்டம் வாங்கினதும் வந்து சேரச் சொல்லிட்டாங்க.”

“என்ன வேலை?”

“கல்லூரி கல்லூரியாப் போகணும். பட்டியல்ல இருக்கிற ஒவ்வொரு புள்ளையையும் நேர்ல நிக்க வச்சு எண்ணணும். பழைய பட்டியலையும் எடுத்துப் பாக்கணும், யாரு எப்ப போனாங்க, ஏன் போனாங்கன்னு அவங்க வீட்டுக்கே போய் விசாரிக்கணும்.” விரிப்பு முழுக்க உள்ளே போனது. அவள் அடுத்ததை எடுத்து உதறினாள். “அவர் வெளிய அனுப்பினது நான் ஒருத்திதான்னு நினைக்கிறியா? எனக்கு முன்னாடி நாலு செட் படிச்சிருக்கு.”

அக்கா முனையைப் பிடிக்காமல் நின்றாள்.

“எந்தக் கல்லூரி வேணும்னு கேட்டாங்க. இதைத்தான் கேட்டேன். குடுத்துட்டாங்க. அவருக்கு இன்னும் பதினோரு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா. நான் சேர ஒரு வருஷம். மிச்சம் பத்து. வருஷத்துக்கு ரெண்டு தடவை போகணும். இருபது தடவை அவர் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு என் முன்னாடி நிக்கணும். நான் உக்காரச் சொன்னாத்தான் உக்காரணும்.”

அவள் குரலில் சூடே இல்லை. மளிகைச் சாமான் எழுதச் சொல்கிற குரல்.

“அவருக்குத் தெரியுமா?”

“எனக்கு வேலை கிடைச்சது தெரியும். என்ன வேலைன்னு கேக்கல. சிபாரிசுக் கடிதம் அவர்தான் எழுதிக் குடுத்தாரு. ரொம்ப நல்லா எழுதியிருக்காரும்மா. நேர்மையில இவளுக்கு நிகர் இல்லன்னு போட்டிருக்காரு.” மகள் அப்போதுதான் சிரித்தாள். “பிடிம்மா, துணி ஆறுது.”

அக்கா பிடித்தாள். ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்று தன் கோபத்தைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தாளே, மகளுடையதற்கு முன்னால் அது கைக்குழந்தை. பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இதை யாரிடமிருந்து கற்றாள் என்று யோசித்துப் பார்த்து, யோசிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு சதவீதம் சார் எப்போதும்போல எட்டு மணிக்கு வந்தார். நிற்கச் சொல்வாள் என்று வாசலிலேயே நின்றார். அக்கா அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். பாவம் என்று முதல் தடவையாகத் தோன்றியது. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே போட்டு ஒரு டீ கலந்து கொண்டுவந்து கொடுத்தாள்.